எழுதுமட்டுவாளில் தாட்ட கொப்பி

நூதனசாலையில் மாட்டியிருந்த அந்த அட்டையில் பெயரைத் தவிர மற்ற எல்லாம் சரியாக இருந்தது. மிதித்து இயக்கும் கடைசல் இயந்திரம் என்று போட்டிருந்தது சரி. பொருளாதாரத் தடைக் காலத்தில், கரண்டும் டீசலும் இல்லாத நேரத்தில், யாழ்ப்பாணத்திலேயே செய்யப்பட்டது என்றிருந்ததும் சரி. தண்டவாளத் துண்டு, நெல் ஆலைச் சில்லு, சைக்கிள் செயின் என்று பாகங்களை வரிசையாக எழுதியிருந்தார்கள். அதிலும் ஒரு பிழையில்லை. கடைசி வரியில் ‘உருவாக்கியவர்’ என்று போட்டு, நாங்கள் வாழ்க்கையில் கண்டிராத ஒரு மனிதரின் பெயர்.

அதைச் செய்தவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். என் அண்ணை. எழுபத்தொன்பது வயது, ஒரு கண்ணில் பார்வை அநேகமாக இல்லை, அதனால் அட்டையை என்னை வாசிக்கச் சொன்னார். நான் மேல் வரிகளை வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

“அவ்வளவுதானோ?”

“ஓம் அண்ணை.”

“ஆர் செய்தது எண்டு போடேல்லையோ?”

நான் முப்பத்துநான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். ஒரு பிள்ளை பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். எனக்கு நேரத்துக்கு ஒரு பொய் வராது, திக்கித் திணறி நிற்பேன். வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் எனக்குச் சரியாக வாய்த்தது. அதை அண்ணைக்குத்தான் சொன்னேன்.

முதலில் நாங்கள் அங்கே போன கதையைச் சொல்லவேண்டும். அதற்கும் காரணம் என் வாய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அந்த நூதனசாலையைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. ஓய்வுபெற்ற எஞ்சினியர்மார் சிலர் சேர்ந்து, காங்கேசன்துறை வீதியோரமாகப் பாழடைந்து கிடந்த ஒரு கட்டடத்தைத் திருத்தி, இந்தக் குடாநாட்டின் பொறியியல் வரலாறு என்று மூன்று அறைகளில் சாமான் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். படத்தில் வரிசையாகத் தண்ணீர்ப் பம்புகள் நின்றன. மூலையில் ஒரு சைக்கிள் சீற் மாத்திரம் எட்டிப் பார்த்தது. வேறு யாருக்கும் அது ஒரு பழைய சீற். நான் இரண்டு வருஷத்துக்கு மேல் அதில் குந்தியிருந்து மிதித்தவள், அது சரிந்து நிற்கிற கோணம் எனக்குத் தெரியாதா? “ஐயோ அண்ணை, உங்கடை லேத்!” என்று கத்திவிட்டேன். பேப்பரை மடித்துக் கதிரைக்குக் கீழே போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம்.

அண்ணைக்கு இருதயம் பலவீனம். படி ஏறக்கூடாது, வெயிலில் நிற்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனிதர் அன்றைக்கே சேட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்று சொல்லித் திருப்பிக் கூட்டி வந்து இருத்தப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஓட்டோ பிடித்துப் போனோம். நூதனசாலை என்பது பெரிய சொல். முதல் அறையில் நில அளவைச் சங்கிலி, தூசி பிடித்த தியோடலைட், புகையிரதக் கைவிளக்கு. இரண்டாவது அறை முழுக்கப் பம்பு மெசின்கள், பச்சை பெயின்ற் அடித்துப் புதுமாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது அறைதான் எங்களுடைய காலம். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், முதல் உதைக்குப் பெற்றோல் சொட்டுவிடுகிற சேலைன் போத்திலோடு. சைக்கிள் டைனமோவில் பாடிய ரேடியோ. ஜாம் போத்தில் விளக்கு. அந்த விளக்கில் எத்தனை ஆயிரம் கணக்குக் கொப்பி திருத்தியிருப்பேன்! அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ‘தயவுசெய்து தொடவேண்டாம்’ என்று வேறு எழுதியிருந்தார்கள். என் வீட்டு அடுப்படியில் இன்னும் ஒன்று கிடக்கிறது, வேண்டுமென்றால் தொட்டுப் பார்க்கலாம் என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை, ஏனென்றால் அண்ணை அதற்குள் லேத்தைக் கண்டுவிட்டார்.

அந்த லேத் எப்படி வந்தது என்று சொல்கிறேன். அண்ணை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தவர். சண்டை வந்து தொழிற்சாலையும் நின்று, ஊரும் போய், நாங்கள் இருவரும் நீர்வேலிக்கு வந்தோம். நான் புருஷன் செத்து வந்தவள், அவர் கலியாணமே கட்டாதவர். நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. உதிரிப்பாகம் ஒன்றும் உள்ளே வராது. தண்டைத் தாங்குகிற புஷ் வளையம் ஒன்று தேய்ந்தால் ஒரு தோட்டமே காய்ந்து போகும். இருபது வருஷம் லேத்தில் நின்ற மனிதர், கரண்ட் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு நாள் எங்கோ கிடந்த தண்டவாளத் துண்டு இரண்டை மாட்டு வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அடுத்த கிழமை நெல் ஆலைச் சில்லு. எனக்கு விசர் பிடித்த மனிதரோடு சீவிக்கிறோம் என்றுதான் நினைப்பு.

ஆறு மாதத்தில் லேத் நின்றது. ஒருவர் சீற்றில் குந்தியிருந்து மிதிக்க, மற்றவர் கடைய வேண்டும். அந்த ஒருவர் நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பொழுது படும்வரை மிதிப்பேன். “ஒரே சீராய் மிதி, கணக்கு ரீச்சர்தானே, எண்ணி மிதியன்” என்று நக்கலடிப்பார். என் கலியாணத்துக்கு வந்த பித்தளைச் செம்புகள் உருகி, புஷ்ஷாகக் கடையப்பட்டு, நீர்வேலித் தோட்டங்களுக்குள் போயின. கேட்டுத்தான் எடுத்தார் என்று சொல்லமாட்டேன்.

லேத்தில் எங்கேயும் அவர் பெயர் வெட்டவில்லை. துவக்குக்கும் குண்டுக்கும் குழாயும், திரெட் என்கிற திருகுப் புரியும் கடையத் தெரிந்தவனைத் தேடி எல்லாப் பக்கத்தாலும் ஆள் வந்த காலம் அது. பட்டறை வைத்திருந்தவர்கள் யாருமே செய்த சாமானில் பெயர் போடமாட்டார்கள், போட்டிருந்த பெயரையும் அரத்தால் ராவி எடுத்துவிடுவார்கள். அண்ணையின் பெயர் ஒரே இடத்தில்தான் இருந்தது. மட்டை கட்டிய தடித்த கொப்பி ஒன்றில் லேத்தின் ஒவ்வொரு துண்டையும் பென்சிலால் கீறி, அளவு போட்டு, பக்கத்தின் வலது மூலையில் திகதியும் கையெழுத்தும் வைத்திருந்தார். தொழிற்சாலையில் பழகிய பழக்கம். எண்பது பக்கத்துக்கு மேல் வரும்.

அந்தக் கொப்பியை நான் எரித்தேன்.

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, லேத்தை நீர்வேலியில் விட்டுவிட்டுக் கொப்பியை மட்டும் கொண்டு, எழுதுமட்டுவாளில் சொந்தக்காரர் ஒருவரின் காணியில் போய் இருந்தோம். அடுத்த வருஷம் திரும்பிப் போகலாம் என்று வந்தது. வீடு எப்படி என்று பார்க்க அண்ணை முதலில் தனியாகப் போனார். “கொப்பியைக் கவனமாய் வைச்சிரு” என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார். அவர் போன பிறகு ஆளுக்கு ஒரு கதை வந்தது. வழியில் ஆமிக்காரர் பெட்டி பெட்டியாகக் கொட்டிப் பார்க்கிறார்களாம், கடதாசி எல்லாம் விரித்துப் பார்க்கிறார்களாம். நான் கொப்பியை எடுத்துப் புரட்டினேன். குழாய், சுருள், திரெட், அம்புக்குறி போட்டு மில்லிமீற்றர் அளவு. தெரியாதவன் பார்த்தால் என்ன நினைப்பான்? மூலைக்கு மூலை அண்ணையின் கையெழுத்து வேறு. ஒவ்வொரு தாளாகக் கிழித்து அடுப்பில் வைத்தேன். அன்றைக்குத் தேத்தண்ணி அந்த நெருப்பில்தான் கொதித்தது.

மறுநாள் அண்ணை வந்தார். வீடு இருக்கிறது, லேத் இல்லை என்றார். யாரோ அடியோடு கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சைக்கிளைச் சாத்தாமலே, பிடித்தபடி நின்று சொன்னார். பிறகு, “பறவாயில்லை, கொப்பி இருக்குத்தானே?” என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன்? ஒரே நாளில் இரண்டையும் ஒரு மனிதர் தாங்குவாரா? “மண்ணுக்கை தாட்டு வைச்சிருக்கிறன் அண்ணை,” என்றேன். “இப்ப கொண்டு போனால் பயம். பால்மா ரின்னிலை போட்டு, பொலித்தீன் சுத்தி, கிணத்தடியிலை தாட்டிருக்கு. பேந்து வந்து எடுப்பம்.” எந்த இடம் என்று கேட்டார். கணக்கு ரீச்சர் அல்லவா, வாயில் எண்ணும் வந்தது. “கிணத்துக் கட்டிலையிருந்து மாமரத்துப் பக்கம் பன்னிரண்டு அடி.”

ஒரு மாதம் கழித்துச் சொல்வோம் என்றுதான் இருந்தேன். மாதம் வருஷமாயிற்று. பிறகு அந்தப் பக்கமே சண்டைக் களமாகி, படைகள் முன்னரங்கு போட்டு, காணி முழுக்க மிதிவெடி விதைத்துப் போட்டார்கள். சண்டை முடிந்த பிறகும் மண்டையோடு கீறின சிவப்புப் பலகை வருஷக் கணக்காக வேலியில் தொங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பலகை எனக்கு ஆறுதலாக இருந்தது. வெடி எடுக்கிற வேலை சுணங்குகிறது என்று பேப்பரில் வந்தால், ஊரெல்லாம் கவலைப்படும், நான் மட்டும் மூச்சு விடுவேன். நாசமாய்ப் போன புத்தி. மிதிவெடியைக் காவல் வைத்துப் பொய் சொன்னவள் இந்தக் குடாநாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வருஷம் அந்தக் காணியையும் துப்புரவாக்கிப் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

இனி நூதனசாலைக்கு வருகிறேன். அட்டையின் கடைசி வரியை நான் விழுங்கிக்கொண்டு நின்றபோது, பொறுப்பாளர் வந்தார். மின்சார எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர், மரியாதையான மனிதர். அண்ணை லேத்தைத் தடவுவதைக் கண்டு கோபிக்காமல், யார் எவர் என்று எங்களைக் கேட்டு அறிந்து, கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். நான் வாசிக்காத பெயரை அவர் வாசித்துவிட்டார். மானிப்பாய்ப் பக்கம் பட்டறை வைத்திருந்த மனிதராம், செத்துப் பல வருஷமாம், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் லேத்தை அன்பளிப்பாகத் தந்தார்களாம்.

அண்ணை லேத்தின் தலைப்பக்க மூடியில் கையை வைத்தார். பிறகு, “அந்த மூடியைக் கழட்டிப் பாருங்கோ,” என்றார். “உள்ளுக்கை தண்டிலை இடக்கைத் திரெட் போட்டிருக்கு. புஷ் ரெண்டும் பித்தளை. இவவின்ரை செம்பு.”

பொறுப்பாளர் ஸ்பனர் கொண்டுவந்து கழற்றினார். இடக்கைத் திரெட்தான். புஷ்ஷும் பித்தளைதான். அந்த மனிதரின் முகம் மாறிவிட்டது. இப்போதே அட்டையைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன்.

“ஐயா, நான் நம்புறன்,” என்றார் அவர். “ஆனா நான் மட்டும் நம்பிக் காணாது. கொமிட்டி இருக்கு. அந்தப் பிள்ளையள் தங்கடை தகப்பன் உதிலை கை வைச்சுக்கொண்டு நிக்கிற படம் தந்திருக்கினம். கழட்டிப் பூட்டின எவனுக்கும் உள்ளுக்கை என்ன இருக்கெண்டு தெரியும் எண்டு கொமிட்டியிலை சொல்லுவினம்.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ரெண்டு வருசம் நான் மிதிச்சனான். என்ரை முழங்கால் ரெண்டும் போனது உதாலைதான். நான் சாட்சி!”

“ரீச்சர், கோவிக்காதேங்கோ. நீங்கள் அவருக்குத் தங்கச்சி.”

“தங்கச்சி எண்டால் பொய்யே சொல்லுவன்?” என்று கேட்டேன்.

“அப்பிடி இல்லை ரீச்சர். அந்தக் காலத்து எழுத்து ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ. ஒரு துண்டு காணும். ஒரு கீறல் படம், ஒரு திகதி. கொண்டு வந்து தந்தியள் எண்டால் என்ரை கையாலை இந்த அட்டையைக் கழட்டுவன்.”

அண்ணை சிரித்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முழுப் பல்லும் தெரியச் சிரித்தார். “துண்டென்ன தம்பி, முழுக் கொப்பியே இருக்கு. எண்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் என்ரை கையெழுத்து. தங்கச்சி பத்திரமாய்த் தாட்டு வைச்சவள். இப்ப வெடியும் எடுத்தாச்சு.”

திரும்பி வரும்போது ஓட்டோவில் முழு வழியும் கதைத்தார். அட்டையில் முழுப் பெயர் போடவேண்டுமா, முதலெழுத்துப் போட்டால் போதுமா என்று என்னைக் கேட்டார். தொழிற்சாலையில் அவருக்குச் சான்றிதழ் இல்லாதபடியால் கடைசிவரை பதவி உயர்வு கொடுக்கவில்லை. பென்சனும் இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை. தன் பெயரை ஒரு சாமானில் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒன்று அவருக்குள் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் அவர் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நான் தனியாக நூதனசாலைக்கு ஓடினேன். பொறுப்பாளரிடம் கொப்பியை எரித்ததைச் சொன்னேன். முன்பின் தெரியாத மனிதரிடம் சொல்ல எனக்குக் கஷ்டமாகவே இருக்கவில்லை, கடகடவென்று வந்துவிட்டது. அண்ணை இப்போது இருந்து திருப்பிக் கீறித் தந்தால் எடுப்பீர்களா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

“சாமான் முன்னாலை நிக்குது. பார்த்துக் கீறினது எண்டு சொல்லுவினம் ரீச்சர். ஐயாவுக்கு உது தெரியுமோ?”

“தெரியாது.”

தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இரண்டு கிழமை சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். வெயில் என்றேன், நெஞ்சு நோகும் என்றேன், பாம்பு கிடக்கும் என்றேன். “இவ்வளவு வருசமும் மிதிவெடி எண்டாய், இப்ப பாம்பு எண்டுறாய்,” என்று சிரித்தார். ஒரு சனிக்கிழமை காலையில் எழும்பிப் பார்த்தால் ஓட்டோ வாசலில் நிற்கிறது, மண்வெட்டியும் அளவுநாடாவும் உள்ளே ஏறியிருக்கின்றன, அண்ணை குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு இருக்கிறார். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இருந்தது, வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

எழுதுமட்டுவாளில் அந்தக் காணியை எனக்கு அடையாளமே தெரியவில்லை. வீடு அத்திவாரமாகக் கிடந்தது. தலை போன பனைகள் சில நின்றன. மாமரம் இல்லை. கிணறு தூர்ந்து, கட்டின் ஒரு துண்டு மாத்திரம் மண்ணுக்கு வெளியே தெரிந்தது. அண்ணை அதைக் கண்டதும் நேரே போய்க் குனிந்தார். அளவுநாடாவின் நுனியை அந்தக் கல்லில் என்னைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பன்னிரண்டு அடிக்கு இழுத்து, மாமரம் எந்தப் பக்கம் என்று நிச்சயமில்லாதபடியால், தடியால் மண்ணில் வட்டத்தின் ஒரு பகுதியை வடிவாகக் கீறினார். “இந்தக் கோட்டுக்கை எங்கையோதான்,” என்றார். நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்ன எண், அதை அரை அங்குலமும் பிசகாமல் அளந்து வைத்திருந்தார்.

ஓட்டோக்காரன் நல்ல பிள்ளை, தானே மண்வெட்டியை வாங்கித் தோண்டினான். இரண்டடிக்குக் கீழே போனதும் அண்ணை நிறுத்தச் சொல்லி, கொஞ்சம் தள்ளிக் காட்டினார். அங்கும் இல்லை. மூன்றாவது குழியில் ஏதோ தட்டுப்பட்டது. மூவரும் குனிந்தோம், நானும் குனிந்தேன், மடைச்சி மாதிரி ஒரு கணம் எனக்கும் நம்பிக்கை வந்தது. ஓட்டுத் துண்டு. “வெடி எடுக்கேக்கை மண்ணைக் கிளறியிருப்பாங்கள், ரின் அரக்கியிருக்கும்,” என்று சொல்லிக்கொண்டு அண்ணை தானே மண்வெட்டியைப் பிடித்தார். ஓட்டோக்காரன் தடுத்தான், கேட்கவில்லை. நாலு வெட்டு வெட்டியதும் மூச்சு இழுக்கத் தொடங்கியது. உதடு கறுத்தது. ஐந்தாவது வெட்டுக்குக் கையைத் தூக்கினார்.

“அண்ணை, விடுங்கோ! அங்கை ஒண்டுமில்லை!”

“இருக்கும். நீ சும்மா இரு.”

“இல்லை அண்ணை. நான் தாட்டு வைக்கேல்லை. அதை நான் எரிச்சுப் போட்டன்.”

அவர் மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். குழியின் விளிம்பில் காலை உள்ளே விட்டபடி இருந்தார். மூச்சு சீராகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஓட்டோக்காரன் நிலைமையை விளங்கிக்கொண்டு தண்ணீர்ப் போத்தில் எடுக்கிற மாதிரி அப்பால் போனான்.

“எப்ப எரிச்சனி?”

“லேத் இல்லையெண்டு நீங்கள் வந்து சொன்னியள். அதுக்கு முதல் நாள். வழியிலை பிடிச்சுப் போடுவாங்கள் எண்டு பயத்திலை.”

“முழுக்கவோ?”

“முழுக்க.”

என்னை ஏசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். மண்வெட்டிப் பிடியால் இரண்டு போடு போட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன். அழுகை வந்தது, அழக்கூட எனக்கு உரிமை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“எரிச்சது பிழையில்லை,” என்றார். “நான் நிண்டிருந்தாலும் எரிச்சிருப்பன். உயிர்தானே முதல். ஆனா தங்கச்சி, அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. ஒரு கிழமையிலை திருப்பிக் கீறியிருப்பன். அப்ப எல்லா அளவும் என்ரை கையுக்கை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கீறியிருப்பன். நீ தாட்டு வைச்சிருக்கிறாய்தானே எண்டு நான் ஒண்டையும் நினைச்சு வைச்சிருக்கேல்லை. விட்டிட்டன்.”

நெருப்பில் போனது எண்பது பக்கம் என்றுதான் நான் இத்தனை வருஷமாகக் கணக்குப் பார்த்திருந்தேன். அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி, அவர் தலைக்குள் இருந்ததையும் சேர்த்து நான்தான் அழித்தேன் என்பது அந்தக் குழிக் கரையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மன்னித்துக்கொள்ளுங்கோ என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் மன்னித்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

குழிகளை மூடிவிட்டுத்தான் வரவேண்டும், ஆடு மாடு விழும் என்றார். ஓட்டோக்காரன் மூடினான்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு என்னிடம் ஒரு கொப்பி கேட்டார். பள்ளிக்கூடக் காலத்துச் சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்று மிச்சம் இருந்தது, கொடுத்தேன். யன்னலோடு மேசையை இழுத்துப் போட்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு இருந்தார். தண்டவாளம் இரண்டையும் கீறினார். கோடு நேராகத்தான் வந்தது. சில்லைக் கீறினார். சீற்றைக் கீறினார். செயின் ஓடுகிற பல்லுச் சக்கரத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது.

“பெரிய சக்கரத்திலை எத்தினை பல்லு?” என்று கேட்டார். “நீதானே மிதிச்சனி.”

நான் யோசித்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு பின்னேரமும் அது என் காலுக்குக் கீழேதான் சுற்றியது. ஒரு நாளாவது குனிந்து எண்ணிப் பார்த்தேனா? இல்லை.

“தெரியேல்லை அண்ணை. நாளைக்குப் போய் எண்ணிக்கொண்டு வரட்டோ? அங்கைதானே நிக்குது.”

“வேண்டாம்,” என்றார். “பார்த்து எண்ணினால் அது அந்த மனிசன்ரை லேத். என்ரை இல்லை.”

பென்சிலைக் கொப்பிக்குள் வைத்து மூடிவிட்டு, பின்னேரம் போடுகிற இருதயக் குளிசையை எடுத்துத் தரச் சொன்னார்.